வைத்தியமும் பொறியியலும் ஒருங்கே பயிலல் கூடுமோ?

மலர்க் குழுவினர் எம்மை இக்கட்டுரை எழுதப் பணித்தமைக்கு ஒரு மாணவனே காரணன். சென்ற ஆண்டுப் பரிசளிப்பு விழா முடிந்து பழைய மாணவர் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், சாதாரணதரப் பரீட்சையில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் பரிசில் பெற்ற அவன் எம்மருகே வந்து, “ஐயா, ஒரே ஆள் டாக்டராகவும் எஞ்சினியராகவும் படிக்க முடியாதா?” என்று வினாவினான். சுற்றி நின்றோர் நகைத்தனர். “முதலில் ஒன்றைப் படி, தம்பி” என்றார் எம் வகுப்புத் தோழர் ஒருவர். அவன் நாணித் தலைகவிழ்ந்து போய்விட்டான். பின்னர் விசாரித்தவிடத்து, அவனுடைய தகப்பனார் ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில் உலர்த்தி இயந்திரத்தின் பக்கத்தில் நாளெல்லாம் நிற்பவர் என்பதும், தமக்கை மூட்டுவாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதுற்று நான்கு வாரத்துக்கொருமுறை பெனிசிலின் ஊசி ஏற்றிக்கொள்பவள் என்பதும் தெரியவந்தன. ஆகவே அவன் கேட்டது விளையாட்டு வினா அன்று. அன்று யாம் சொல்லாமல் விட்ட விடையை ஈண்டுச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

நம் நாட்டில் இவ்விரு தொழில்களும் பிரியும் இடம் பல்கலைக்கழக வாயில் அன்று. உயர்தர வகுப்பின் வாயிலே. உயிரியலை எடுப்பவன் வைத்தியத்தை நோக்கிச் செல்கின்றான். இணைந்த கணிதத்தை எடுப்பவன் பொறியியலை நோக்கிச் செல்கின்றான். பௌதிகவியலும் இரசாயனவியலும் இருவர்க்கும் பொது. மூன்று பாடங்களில் இரண்டு ஒன்றாயிருக்க, எஞ்சிய ஒன்று பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளை இரு சாதியாராகப் பிரித்துவிடுகின்றது. மலைநாட்டிலோ இப்பிரிவு மாணவனின் விருப்பத்தால் நிகழ்வதினும், பாடசாலைக்கு எந்த ஆசிரியர் வாய்த்தார் என்பதால் நிகழ்வதே மிகுதி. இலவசக் கல்வி 1945இல் வந்தது. எனினும் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1977 அளவிலேயே. அந்த முப்பது ஆண்டுப் பின்னடைவு விஞ்ஞான வகுப்புகளிலே இன்றும் தெரிகின்றது. நுவரெலியா மாவட்டம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டுப் பல்கலைக்கழக அனுமதியிற் சிறு சலுகை பெறுகின்றது. ஆனால் ஆசிரியரே இல்லாத பாடத்துக்குச் சலுகை என்ன செய்யும்?

பாட அட்டவணை இவ்வாறு பிரித்துவைத்த இரண்டும் தோட்டத்தில் ஒரே முற்றத்தின் இரு புறத்திலும் இருந்து வந்தன. ஒரு புறம் ஆலை, மறுபுறம் டிஸ்பென்சரி. நம் கல்லூரியிற் பயின்றோரிலும் சிலர் டீமேக்கராக ஆலையில் அமர்ந்தனர்; சிலர் தோட்ட வைத்திய உதவியாளராக மருந்து கலக்கினர். மாலையில் ஒருங்கிருந்து கடதாசி விளையாடிய இவர்கள், ஒருவர் தொழிலில் மற்றவருக்குரிய பங்கு எவ்வளவு என்பதைப் பேசியதாக யாம் கேள்விப்படவில்லை. பேசியிருந்தால் முதலிற் பேசவேண்டியிருந்தது வெந்நீரைப் பற்றி.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 6,128 அடி உயரத்தில் உள்ளது. அங்கே பருப்பு வேகக் காலஞ்செல்லும் என்பது நம் தாய்மார் யாவரும் அறிந்தது. உயரம் மிக மிக வளிமண்டல அமுக்கம் குறைகின்றது. அது குறையவே நீர் 100 பாகையை எட்டுமுன்னரே கொதித்துவிடுகின்றது. நுவரெலியாவில் அது கொதிப்பது ஏறக்குறைய 94 பாகை செல்சியசில். ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகையில். அடுப்பை எவ்வளவு மூட்டினும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேற் சூடு ஏறாது. அடுக்களையில் இதனால் நட்டமாவது விறகு மாத்திரமே. காயங் கட்டும் கருவிகளை அவிக்கும் இடத்தில் அவ்வாறன்று.

நுண்ணங்கிகளுட் சில, ஏற்புவலியை உண்டாக்கும் பற்றீரியாவைப் போல, தம்மைச் சுற்றி ஓடு அமைத்து வித்தியாக உறங்கும் இயல்பின. அவ்வித்திகள் கடலோரத்துக் கொதிநீரிலும் சாவதில்லை. அவற்றைக் கொல்லவே ஓட்டோகிளேவ் என்னும் மூடிய நீராவிக் கலம் உண்டாயிற்று. அதன் மானியில் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் காட்டும்வரை சூடாக்கி, 15 நிமிடம் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய பாடப் புத்தகங்களின் விதி. அந்த அமுக்கத்தில் நீராவி 121 பாகையில் நிற்கும் என்பதே விதியின் உட்பொருள். ஆனால் மானி காட்டுவது உள்ளே உள்ள முழு அமுக்கத்தையன்று. வெளிக்காற்றினும் அது எவ்வளவு மிகுதி என்பதையே. கொழும்பிலே வெளிக்காற்றின் அமுக்கம் ஏறக்குறைய 14.7 இறாத்தல், நுவரெலியாவிலே 12 இறாத்தலுக்குஞ் சற்றுக் குறைவு. ஆகவே அங்கும் முள் 15இல் நின்றால், உள்ளே நீராவி 118 பாகையளவிலேயே நிற்கும். மூன்று பாகைதானே என்று எண்ணலாகாது. வெப்பநிலை பத்துப் பாகை குறைந்தால் இவ்வித்திகள் மடியும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகும். மூன்று பாகை குறைந்தால் அது பாதியாகிவிடும். மடக்கைக் கணக்குத் தெரிந்த எந்த உயர்தர மாணவனும் இதனை ஒரு தாளிலே போட்டுப் பார்த்துவிடலாம். பரிகாரமும் எளிது: ஆயிரம் அடிக்கு அரை இறாத்தல் வீதம் கூட்டி, நுவரெலியாவில் முள்ளை 18இலும் ஹட்டனில் 17இலும் நிறுத்தல் வேண்டும். வெப்பநிலையையே நேராக அளந்து இயங்கும் புதிய கலங்களுக்கு இவ்விடர் இல்லை. மானியை மாத்திரம் நம்பி இயங்கும் பழைய கலங்களுக்கு உண்டு.

இங்கே வித்தியின் இயல்பை அறிந்தவன் வைத்தியன். நீராவியின் இயல்பை அறிந்தவன் பொறியியலாளன். ஒருவன் மற்றவனிடம் கேளாதவிடத்து, 15 நிமிடம் அவித்த கத்தி தூய்மையான கத்தியென்றே எண்ணப்படும். மாணவன் கேட்ட வினாவுக்கு இதனினும் அணித்தான உதாரணம் எமக்குத் தோன்றவில்லை.

மற்றொன்று அவனுடைய தகப்பனார் நிற்கும் இடத்திலேயே இருக்கின்றது. உலர்த்தி இயந்திரத்தினுள் 90 முதல் 100 பாகை வரையான சூட்டுடன் புகும் காற்று, தேயிலையின் ஈரத்தைக் கவர்ந்துகொண்டு 50 பாகையளவில் வெளியேறும். வெளியேறும் காற்று மிகக் குளிர்ந்தால் இலை உலர்வதற்குப் பதில் அவிந்துபோகும். மிகச் சுட்டால் மேற்புறம் பொருக்குக் கட்டி உள்ளே ஈரம் தங்கும். ஆதலின் வெப்பமானியைப் பார்ப்பதும், பார்த்ததற்கேற்பச் சூட்டையோ இலையின் அளவையோ திருத்துவதும், திருத்தியதன் பயனை மீண்டும் பார்ப்பதுமே அவர் தொழில். பொறியியலார் இதனைப் பின்னூட்டல் என்பர். குறைமாதத்திற் பிறந்த குழந்தையை வைக்கும் கண்ணாடிப் பெட்டியும் இதே தத்துவத்தில் இயங்குவது. குழந்தையின் தோலில் ஒட்டிய உணர்கருவி 36.5 பாகையளவை நாடிச் சூடாக்கியை ஏற்றியும் இறக்கியும் நிற்கும். ஆலையிலே பிழை நேர்ந்தால் ஒரு நாள் தேயிலை விலை குறையும். பெட்டியிலே பிழை நேர்ந்தால் என்னாகும் என்று நாம் எழுதவேண்டியதில்லை.

இவை சிறு காரியங்கள். இரு கல்வியும் கலந்து ஒரு பெரிய காரியம் முடிந்த வரலாறு நமக்கு மிக அண்மையில், கடலுக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் உள்ளது. அம்மாணவனின் தமக்கையை வருத்தும் நோயைப் பற்றியதே அது. தொண்டையழற்சியை உண்டாக்கும் ஒரு வகைப் பற்றீரியா நெருக்கமான வீடுகளில் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதிற் பரவும். அதனைக் கவனியாது விட்டால் சில பிள்ளைகளுக்கு மூட்டுவாதக் காய்ச்சல் தொடரும்; அது இதய வால்வுகளைச் சுருக்கி வடுப்படுத்தும். ஒரே காம்பராவில் ஒரு குடும்பம் முழுவதும் படுத்துறங்கும் லயங்களில் வாழ்ந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. வால்வு முற்றும் கெட்டால் செயற்கை வால்வு பொருத்துவதொன்றே வழி. அவ்வால்வுகளோ நெடுங்காலம் மேனாட்டிலிருந்து ஏழைகளுக்கு எட்டா விலையில் வந்தன.

1970களில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் தலைமையை ஏற்ற இதய சத்திரசிகிச்சை நிபுணர் எம். எஸ். வலியத்தான், வைத்தியசாலைக்குத் துணையாகப் பூஜப்புரையில் ஒரு பழைய அரண்மனையிலே பொறியியலாரும் இரசாயனவியலாரும் பணிசெய்யும் தொழில்நுட்பப் பிரிவொன்றை வளர்த்தார். ஜி. எஸ். புவனேஸ்வர் என்னும் பொறியியலாளரும் பிறரும் அவரோடு சேர்ந்து வால்வொன்றை வகுக்கலாயினர். பணியின் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் முறை துடிக்கும். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3 கோடி 70 இலட்சம் முறை. அத்தனை முறையும் வால்வின் தட்டு திறந்து மூட வேண்டும். தேயவும் கூடாது, முறியவும் கூடாது, தன்மேற் குருதி உறைய இடங்கொடுக்கவுங் கூடாது. முதலில் வகுத்த மூன்று வடிவங்களும் தோற்றன. செயற்கை நீலக்கல்லாலான தட்டையும் முயன்று கைவிட்டனர். நான்காம் வடிவத்தில், கோபால்ற்று-குரோமியக் கலப்புலோக வளையமும், வைரம்போற் கடிய பொருளன்று, மிகவுயர் மூலக்கூற்று நிறையுள்ள பொலியெதிலீன் என்னும் சாதாரணப் பிளாத்திக்கின் உறவினனான ஒரு தட்டும் அமைந்தன. 1990ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனாற் பயன்பெற்றனர். வலியத்தான் 2024இல் காலமானார்.

இவ்வரலாற்றில் எம்மைக் கவர்வது வெற்றியன்று, மூன்று தோல்விகள். ஆட்டின் இதயத்திலிருந்து எடுத்த பழுதுபட்ட வால்வை மேசைமேல் வைத்து, “இது ஏன் கெட்டது?” என்று சத்திரவைத்தியரும் பொறியியலாரும் ஒருங்கே பார்க்க வேண்டியிருந்தது. ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காதிருந்தால் நான்காவது வடிவம் பிறந்திராது. வலியத்தான் பொறியியற் பட்டம் பெற்றவரல்லர். புவனேஸ்வர் கத்தி பிடித்தவரல்லர். இரு பட்டமும் ஒருவரிடம் இல்லை. இரு மொழியும் இருவரிடமும் இருந்தன.

பட்டமே இல்லாதவரும் இவ்வழியில் உண்டு. ஜெய்ப்பூர்ச் செயற்கைக் கால் 1960களின் பிற்பகுதியில் உருவானது பி. கே. சேத்தி என்னும் வைத்தியராலும், பள்ளிப் படிப்பு மிகக் குறைந்த ராம் சந்திர சர்மா என்னும் சிற்பக் கைவினைஞராலுமே. மேனாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்தினுள் நுழைந்து சமதரையில் நடப்பதற்கானது. நம்மவரோ வெறுங்காலோடு நடப்பவர், குந்தியிருப்பவர், மேடு பள்ளம் ஏறுபவர். இறப்பரினாற் செய்து எப்பக்கமும் வளையும் பாதம் அவ்வாறே தோன்றியது. 1985 முதல் கொழும்பு பிரண்ட்-இன்-நீட் சங்கத்தார் இதனை இலங்கையிலே செய்து வழங்கலாயினர். கொழுந்து மலைச் சரிவில் ஏறி இறங்கும் ஒருவருக்கு எப்பாதம் உதவும் என்பதைச் சரிவில் நடந்தவரே முதலில் அறிவார்.

இக்கருத்துக்கு எதிர்மறையாகவும் ஓர் உதாரணம் கூறுவோம். விரலிற் கவ்வி ஒட்சிசன் அளவைக் காட்டும் சிறு கருவியின் தத்துவத்தை 1974இல் வெளியிட்டவர் தக்குவோ அயோயாகி என்னும் யப்பானியப் பொறியியலாளர். உலகெங்கும் உயிர்காத்த கருவி அது. ஆனால் ஒளியைத் தோலினூடே செலுத்தி அளப்பதாகையால், கருந்தோல் உடையோரிடத்து ஒட்சிசன் குறைந்திருப்பதை அது சிலவேளை மறைத்துவிடுகின்றது. அமெரிக்காவில் 2020இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இப்பிழை கறுப்பினத்தாரிடத்து வெள்ளையரிலும் ஏறக்குறைய மும்மடங்கு நிகழ்வதாகக் காட்டியது. குளிரில் விரைத்த விரலிலும் கருவி தடுமாறும். காலைப் பனியிற் கொழுந்து பறித்துவந்த கரிய விரலொன்றை அதனுள் இட்டு, “இந்த எண்ணை நம்பலாமா?” என்று கேட்கத் துணிபவன் அவ்விரலோடு வளர்ந்தவனாகவே இருப்பான்.

இனி, வழிகளைச் சொல்வோம். இலங்கையிலே வைத்தியப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டும் உள்ளகப் பயிற்சிக்கு ஓராண்டும் செல்லும். பொறியியற் பட்டத்துக்கு நான்காண்டு. இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கப் பத்தாண்டு வேண்டும். பேராதனையில் இரு பீடங்களும் 1960களிலிருந்து ஒரே பல்கலைக்கழகத்திலே இருப்பினும் இரண்டையும் சேர்த்துத் தரும் ஒரு பட்டம் அங்கில்லை. மூத்த பிள்ளையின் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் தோட்டக் குடும்பமொன்று பத்தாண்டு பொறுக்குமென்று யாம் எண்ணவில்லை. பொறுக்கச் சொல்வதும் முறையன்று. ஆகவே இரு பட்டக் கனவை விடுத்து, ஒன்றில் வேரூன்றி மற்றதற் கிளைபரப்பும் வழியையே யாம் பரிந்துரைக்கின்றோம்.

கணிதப் பிரிவிற் செல்பவனுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலே உயிர்மருத்துவப் பொறியியற் பட்டம் உண்டு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. உயிரியற் பிரிவிற் சென்று வைத்தியனானவன் பின்னர் முதுமாணிப் பட்டத்தால் இப்பக்கம் வரலாம். இந்தியாவின் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2001இல் நிறுவிய மருத்துவத் தொழில்நுட்பப் பள்ளி, வைத்தியப் பட்டதாரிகளுக்கெனவே மூன்றாண்டுப் பயிற்சி ஒன்றை வகுத்தது. சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, மேலே கூறிய திருவனந்தபுர நிலையம் ஆகிய மூன்றும் கூடி, பொறியியலாரை வைத்தியசாலையினுள்ளேயே பயிற்றும் முதுமாணி வகுப்பை நடத்தி வந்துள்ளன. 2023இல் சென்னை ஐ.ஐ.டி. ஒருபடி மேலே சென்று, பள்ளி முடித்த மாணவர்க்கே மருத்துவ விஞ்ஞானமும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டுப் பட்டமொன்றைத் தொடங்கியது. அப்பட்டம் பெற்றவர் நோயாளிக்கு மருந்தெழுத உரிமை பெறார் என்பதை மாணவர் மறத்தலாகாது. அமெரிக்காவில் ஹாவார்டும் எம்.ஐ.டி.யும் 1970 முதல் கூட்டாகப் பயிற்றுகின்றன; இலினோயில் 2018இல் பொறியியலை அடிப்படையாகக் கொண்ட வைத்தியக் கல்லூரியொன்றே தோன்றி முதல் வகுப்பில் 32 பேரைச் சேர்த்தது.

எப்பக்கமிருந்து தொடங்குவது நன்று? கணிதப் பக்கமிருந்து என்பதே எம் கருத்து. வைத்திய நண்பர்கள் சினவாதிருப்பாராக. முப்பது வயதில் உடற்றொழிலியலைப் படித்துத் தேறியவரைக் கண்டிருக்கின்றோம்; முப்பது வயதில் வகையீட்டுச் சமன்பாட்டை முதன்முதற் கண்டு தேறியவரைக் கண்டது அரிது. உயிரியல் எடுத்த மாணவன் கணிதத்தை முற்றாகக் கைவிடாமல் வாரத்துக்கு இரண்டு மணிநேரமேனும் அதனோடு பழகி வருவானாயின் அவ்வாயில் அவனுக்கும் அடைபடாது. இருசாராருக்கும் பெருந்தடை பல்கலைக்கழக விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து நூல்களும் ஆக்கினார். அவ்வழி தொடரப்பெறாமையால், இன்று நம் பிள்ளை முதலாண்டிலே பாடத்தோடும் பாஷையோடும் ஒருசேரப் போராட வேண்டியுள்ளது.

தொழில் கிடைக்குமோ என்று பெற்றோர் கேட்பர். சுகாதார அமைச்சுக்குக் கொழும்பிலே உயிர்மருத்துவப் பொறியியற் சேவைப் பிரிவு உண்டு. நாட்டின் அரசாங்க வைத்தியசாலைக் கருவிகளைப் பேணுவது அதன் பொறுப்பு. புதிது புனைவதைவிடப் பழுதுபார்ப்பது இழிந்ததென்று எண்ணுவோர், 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வை நோக்குக. 16 நாடுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வைத்தியக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது நூற்றுக்கு 38 பங்கு இயங்காது கிடந்தன. பயிற்சி பெற்றோர் இன்மை அதன் முதற் காரணங்களுள் ஒன்று. மலைநாட்டு வைத்தியசாலையொன்றில் நன்கொடையாக வந்த குழந்தைப் பெட்டியொன்று துணி போர்த்தி மூலையில் நின்றதை யாமே கண்டதுண்டு. கெட்டிருந்தது ஓர் உருகியும் அதனைத் தாங்கும் பிடியும். அதனைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எவருக்கென்று தெரியாமையால் எட்டு மாதம் சென்றுவிட்டது. 2017இல் இந்திய உதவியோடு எழுந்த டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலை 150 படுக்கைகள் கொண்டது. அத்தகைய கட்டடங்களினுள் வரும் ஒவ்வொரு கருவியும், தன்னைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் ஹட்டனிலேயே இருப்பாராயின், கொழும்பு லொறிக்குக் காத்திராது.

அம்மாணவன் இவ்வாண்டு கணிதப் பிரிவிற் சேர்ந்துள்ளான். சனிக்கிழமைகளில் உயிரியல் ஆசிரியரிடம் இருந்து குருதிச் சுற்றோட்டம் படிப்பதாக அறிகின்றோம். ஆசிரியர் அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை. ஓட்டோகிளேவ்க் கணக்கை அவனுக்குச் சொன்னபோது, நம் ஆய்வுகூடத்திலேயே அதனைச் செய்து பார்க்க வேண்டுமென்றான். ஆய்வுகூடத்திலோ அமுக்கமானியும் வெப்பமானியும் பொருத்திய அடுகலன் இல்லை. பழைய மாணவர் சங்கத்தார் யூபிலி நிதியில் மண்டபத்துக்குத் திரைச்சீலை வாங்கத் தீர்மானித்திருப்பதாகக் கேள்வி. அடுகலனின் விலை அத்திரைச்சீலையின் ஒரு மடிப்புக்கும் ஆகாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை யாம் பிரேரிக்க இருக்கின்றோம், ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.